முள்வேலிக்குள் பெண்ணைப் பெற்றவர்

கொட்டாவிப்பட்டிக்காரர்களை யாரும் குறை சொல்ல முடியாது. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். அவர்களோடு இருக்கிற தொல்லையே அதுதான்.

அந்த ஊர் மேய்ச்சல் நிலத்துக்கு ஒருநாள் கம்பெனிக்கார அம்மா ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"இங்க எதையும் நட வேண்டாம். ஆடு மேயாம விட்டாலே உங்க ஊர் உடைமரமெல்லாம் தானா தழைச்சுக் காடாயிடும். மரம் காத்துல இருக்கிற கரியை இழுத்து வச்சுக்கும். அதுக்கு வெளிநாட்டுக்காரங்க ஊருக்குப் பணம் தருவாங்க. சுத்தி முள்வேலி போடுங்க. மரம் ஆள் உயரம் வளர்ற வரைக்கும் வேலியில ஒரு முள்ளைக்கூடப் பிரிக்கக் கூடாது."

வேலிப் பொறுப்பைப் பெத்தணன் ஏற்றுக்கொண்டான். ஆனால் அன்று சாயங்காலமே அவன் மகள் பவுனைப் பெண் பார்க்க வருகிறார்கள். போன தடவை வந்தவர்கள், பெண்ணின் அப்பனைக் காணோம் என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"இந்தத் தடவையாச்சும் வந்துருங்கப்பா" என்றாள் பவுனு.

"உசுரைக் குடுத்தாவது வந்துர்றேன் தாயி" என்றான். மனசார அப்படித்தான் நினைத்தான்.

நிலத்துக்குப் போனதும், கூட வந்த ஊர்க்காரர்களில் குருவன் தன் வெள்ளைத் துண்டால் ஒரு மரத்தை அழுத்தித் துடைத்தான். "கரியே ஒட்டலையே. மரம் வேலை செய்யுதா, சும்மா நிக்குதா?"

"காலையிலதான சொல்லியிருக்காக. மரத்துக்கும் கொஞ்சம் நேரம் குடுப்பா" என்றான் சன்னாசி. அவன்தான் அந்த ஊரில் யோசிக்கிறவன்.

அடுத்தது, வேலிக்கு முள் எங்கே கிடைக்கும்? சுற்றுமுற்றும் பார்த்தார்கள். நிலம் பூராவும் உடைமரம், மரம் பூராவும் முள். வெட்டினார்கள்.

"மரத்தை வெட்டுனா காடு எப்படிப்பா வரும்?" என்று குருவன் கேட்டான்.

சன்னாசி வெகுநேரம் யோசித்தான். "வேலி போடலைன்னா ஆடு தின்னுரும்ல?"

அது சரிதான் என்று எல்லோருக்கும் பட்டது. வெட்டிய முள்ளெல்லாம் உள்ளே கிடந்ததால், உள்ளே நின்றபடியே வேலியைக் கட்டினார்கள். ஓணான்கூட நுழைய முடியாத வேலி. கடைசி முள்ளைச் செருகிவிட்டு, "வாங்கப்பா, வீட்டுக்குப் போவோம்" என்று பெத்தணன் திரும்பினான்.

எங்கே போவது?

"ஒரே ஒரு முள்ளைப் பிரிச்சா என்ன?" என்றான்.

"ஒரு முள்ளைக்கூடப் பிரிக்கக் கூடாதுன்னுதான சொன்னாக" என்றான் சன்னாசி. "ரெண்டுன்னாலும் கேட்டுப் பாக்கலாம்."

பெத்தணனுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பவுனு மூச்சிரைக்க ஓடிவந்து வேலிக்கு வெளியே நின்றாள்.

"அப்பா, எல்லாரும் வந்தாச்சு! உங்களைத்தான் கேக்குறாக!"

"மாப்பிள்ளை நல்லாருக்காரா தாயி?"

"நல்லாருக்காருப்பா. சீக்கிரம் வாங்க!"

பெத்தணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தான் வெட்டிய மரத்தின் அடிக்கட்டை பக்கத்தில் குந்தி, அதை ஆசையாகத் தடவிக் கொடுத்தான்.

"இந்தா, இது தழைச்சு ஆள் உசரம் வந்ததும் ஏறிக் குதிச்சு ஓடியாந்துர்றேன். அதுவரைக்கும் அவுகளுக்குக் காப்பியைக் குடு தாயி. ஆறிரப் போகுது."