சோறு ஆறுது

பாளையங்கோட்டையில் பேட்டரிக் கடை ஒன்றின் மாடியில் ஓர் அறை இருந்தது. சத்தம் வெளியே போய் அக்கம்பக்கத்தாரை நோகடிக்கக் கூடாதென்று அதன் சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை அடித்து வைத்திருந்தார்கள். அங்கேதான் எபனேசர் மாஸ்டர் கிட்டார் சொல்லிக் கொடுத்து வந்தார்.

மாஸ்டருக்கு வயது முப்பத்தாறு. அவருடைய சீடர்களில் பெரியவரான உலகநாதனுக்கு ஐம்பத்தொன்று. மின்வாரியத்தில் வயர்மேன். சீடர் குருவை "மாஸ்டர்" என்பார். குரு சீடரை "அண்ணே" என்பார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவர்கள் இருவருக்கும் அதில் ஒரு கூச்சமும் இருந்ததில்லை.

உலகநாதன் கிட்டாரைத் தொட்டதே நாற்பது வயதில்தான். கம்பம் ஏறிக் காய்த்துப்போன விரல்கள். "பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குற வயசுல இது என்ன கூத்து?" என்று வீட்டில் தலையில் அடித்துக்கொண்டார்கள். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. பேஸ் கிட்டாரைக் கையில் கொடுத்து, கூடவே அதை ஒலிபெருக்கியோடு இணைக்கிற ஒரு கறுப்பு வயரையும் கொடுத்தார். அந்த அறையின் வழக்கம் அது. சேருகிறவருக்கு மாஸ்டர் கையால் ஒரு வயர். விட்டுப் போகிறவர் அதைச் சுருட்டி மேசைமேல் வைத்துவிட்டுப் போகலாம். யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

அவர்கள் குழுவுக்கு 'உலைக்களம்' என்று பெயர். வாசித்தது மெட்டல் இசை. இடி விழுகிற மாதிரி முழங்கும். அதிலும் சுலபத்தில் பிடிபடாத வகை. ஏழு தட்டில் தொடங்கும், பதினொன்றுக்குத் தாவும், பதிமூன்றில் போய் நிற்கும். ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும். பாதிக்கு மேல் சொல்லே இருக்காது. இருக்கிற சொல்லும் தொண்டை கிழிகிற கர்ஜனை. அதற்கென்று ஒரு கூட்டம் இருந்தது. சின்னக் கூட்டம்தான், ஆனால் உயிரை விடும்.

டிரம்ஸ் வாசித்தவன் ஜெபசிங். ஆண்டவர் அவன் கையில் என்னத்தை வைத்து அனுப்பினாரோ, பதிமூன்று எண்ணிக்கையை மூச்சு விடுகிற மாதிரி அடிப்பான். 'பதிமூன்றாம் வாசல்' என்ற பெரிய பாட்டு அவன் கட்டியது. அதைப் பிழையில்லாமல் வாசிக்க உலகநாதனுக்கு ஒன்பது வருடம் ஆனது. வாசித்து முடித்த அன்று, உயரக் கம்பத்தின் உச்சியில் நிற்கிறபோது தெரிகிறாற்போல, ஊரே அவருக்குக் கீழே தெரிந்தது.

போன ஐப்பசியில் ஜெபசிங் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். பதினோரு நாள் படுத்தான், அவ்வளவுதான். அப்போது புயல். உலகநாதன் கடற்கரை ஊர்களில் சாய்ந்த கம்பங்களை நட்டுக்கொண்டிருந்தார். அவன் போய் மூன்று நாள் கழித்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அடக்கத்துக்குப் போகாதவன் எந்த முகத்தோடு ஜெபசிங்கின் தாயைப் பார்ப்பது? அந்தத் தெருப் பக்கமே அவர் போகவில்லை. அப்படியே ஒரு வருடம் ஓடிவிட்டது.

மாஸ்டர் நாற்பது நாள் அறையைத் திறக்கவில்லை. திறந்த அன்று அவரிடம் ஒரு புதுப் பாட்டு இருந்தது.

நாலே தட்டு. மூன்றே நிமிடம். கர்ஜனை கிடையாது. பல்லவி, "சோறு ஆறுது, வா ராசா." சின்னப் பிள்ளையும் பாடிவிடும். மேடையில் டிரம்ஸை வழக்கம்போல மாட்டி வைப்பார்கள், உட்கார ஆள் இருக்காது. கூட்டம் கைதட்டும். அதுதான் தாளம். அந்தப் பாட்டு மினி பஸ்ஸில் ஒலித்தது, கல்யாண வீட்டில் ஒலித்தது. பின்னாலேயே அதே மாதிரி இன்னும் நாலு பாட்டு வந்தது.

பழைய கூட்டத்துக்கு அது பொறுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கல்லூரி மைதானத்தில் கச்சேரி. முன்வரிசையில் கறுப்புச் சட்டைக்காரர்கள் பத்துப் பேர் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள்.

"ஏ, சோத்தைப் போடுங்கலே! தின்னுட்டுக் கிளம்புதோம்!" என்று ஒருவன் கத்தினான்.

"வயர்மேன் அண்ணாச்சி, குழம்பு எங்கே?" என்றான் இன்னொருவன்.

மைதானமே கொல்லென்று சிரித்தது. உலகநாதன் தலை நிமிராமல் அந்த நாலு தட்டை வாசித்து முடித்தார்.

மறுநாள் மாஸ்டர் ஆலயத்திலிருந்து வந்து அறையைத் திறந்தபோது, படியிலேயே உலகநாதன் காத்திருந்தார்.

"வாங்கண்ணே, உக்காருங்க."

"உக்கார வரல மாஸ்டர்."

வயரைச் சுருட்டி மேசைமேல் வைத்தார். மாஸ்டர் அதைப் பார்த்தார். தொடவில்லை.

"நீங்க காரணம் கேக்கமாட்டீங்க. ஆனா நான் ஒண்ணு கேட்டுட்டுத்தான் போவேன்."

"கேளுங்க."

"இந்த விரலைப் பாருங்க. நாலு நகம் பேந்து முளைச்சது. அம்புட்டு உசரத்துக்கு என்னைய ஏத்திவிட்டீங்க. இப்ப எதுக்கு எறக்கிவிட்டீங்க? ஊர் கைதட்டணும்னா?"

"ஆமாண்ணே. கைதட்டுக்காகத்தான்."

உலகநாதனுக்கு முகம் சுண்டிப்போனது. அவர் சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். மாஸ்டர் மறுப்பார், சமாதானம் சொல்வார் என்று நினைத்திருந்தார். இப்படி ஒத்துக்கொண்டால் என்ன பேசுவது?

"வெக்கமா இல்லையா மாஸ்டர்?"

மாஸ்டர் மூலையில் சாத்தி வைத்திருந்த மரக் கிட்டாரை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"போகுமுன்னே ஒரு வேலை முடிச்சுக் குடுங்கண்ணே. ஜெபசிங் வீட்டுக்குப் போய் அவன் பாட்டை வாசிக்கணும்."

"நானா? அந்தம்மா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"வண்டியில பின்னால உக்காருங்க. முன்னால நான் இருக்கேன்."

ஜெபசிங்கின் அம்மா ரத்தினபாய்க்கு அறுபது வயதிருக்கும். கதவைத் திறந்ததும் எபனேசரின் கன்னத்தைத் தொட்டாள். பின்னால் கிட்டாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரைப் பார்த்தாள்.

"நீங்கதானே வயர்மேன் தம்பி? வாங்கய்யா. உங்க கதை எல்லாம் எனக்குத் தெரியும். எண்ணிக்கை தப்பிட்டா அண்ணாச்சி முகம் கொழுக்கட்டையா வீங்கிரும்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்."

உலகநாதனால் சிரிக்க முடியவில்லை. "அன்னைக்கு வர முடியலம்மா. புயல்ல…"

"தெரியும்யா. இருட்டுல கிடந்த சனத்துக்கு வெளிச்சம் குடுக்கப் போனிய. அதுக்கு எதுக்குக் கண்ணு கலங்குதிய? உக்காருங்க."

சுவரோரம் ஒரு சின்ன மேசை. அதன்மேல் வேதப்புத்தகம். பக்கத்தில் நுனி சிதைந்த இரண்டு டிரம்ஸ் குச்சிகள், தூசி துடைத்து, ஒன்றோடொன்று சேர்த்து வைக்கப்பட்டிருந்தன.

"அம்மா, அண்ணன் இன்னைக்கு ஜெபசிங் பாட்டை வாசிக்கப் போறாரு" என்றார் மாஸ்டர்.

ரத்தினபாய் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். ஜெபம் தொடங்குவதற்கு முன் உட்கார்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

உலகநாதன் வாசித்தார். இந்த ஒரு வருடத்து வேதனை எல்லாம் விரலுக்கு இறங்கிவிட்டது. ஏழில் தொடங்கி, பதினொன்றைத் தாண்டி, பதிமூன்றுக்குள் நுழைந்தார். ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை. தன் வாழ்நாளில் இதைவிட நன்றாக வாசித்ததில்லை என்று அவருக்கே தெரிந்தது.

ரத்தினபாய் கைதட்டத் தொடங்கினாள். இரண்டு தட்டு சரியாக விழுந்தது. மூன்றாவது தவறிவிட்டது. நிறுத்தினாள். உதட்டை அசைத்து எண்ணிப் பார்த்தாள். மறுபடி தட்டினாள். மறுபடி தவறியது. உலகநாதனின் விரலைப் பார்த்தாள், அதில் ஏதாவது பிடி கிடைக்குமா என்று. பிறகு எபனேசரைப் பார்த்தாள். இரண்டு கையையும் மெல்ல மடியில் வைத்துக்கொண்டாள். பாட்டு முடியும்வரை அந்தக் கைகள் அசையவில்லை.

"நல்லா இருந்துச்சுய்யா" என்றாள். "என் கைக்குத்தான் அறிவு பத்தல. கோவிச்சுக்காதிய."

"ஐயோ, என்னம்மா…"

"இதைத்தான் அவன் இந்த வீட்டு மாடியில அடிச்சுக்கிட்டே கிடப்பான். பத்து வருசம் கீழ இருந்து கேட்டேன். எங்கே கை விழணும்னு ஒருநாளும் எனக்குப் பிடிபடல. எங்க தெருவுல ஒரு வழக்கம் உண்டுய்யா. பெட்டியை மூடுறதுக்கு முன்னால, போறவுகளுக்குப் பிடிச்ச பாட்டை வந்தவுக எல்லாரும் சேந்து பாடணும். ஏ எபி, எம் பிள்ளை பாட்டைப் பாடுங்கய்யான்னு இவனைக் கேட்டேன். பாவம், இவன் என்ன செய்வான்? வாயைத் திறந்தான், ஒண்ணும் வரல. மத்தவுகளும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாக. போதகர் காத்துக்கிட்டு நின்னாரு. பிறகு சத்தமே இல்லாமத்தான் மூடினாக."

மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு யார்மேலயும் வருத்தமில்லைய்யா. பெத்தவ நான். எனக்காவது ஒரு வரி தெரிஞ்சிருக்க வேண்டாமா?"

சொல்லிவிட்டு அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. உலகநாதன் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. மாடியில் இருக்கிற பிள்ளைக்குக் கேட்கவேண்டும் என்று பழகிப்போன குரல். முதல் சொல் தாழ்ந்து, அடுத்தது ஏறி, கடைசியில் நீண்டு இழைந்தது.

"சோறு ஆறுது… வாங்க ராசா…"

உலகநாதனின் கை முகத்திலேயே நின்றுவிட்டது. அதே மெட்டு. அதே நாலு தட்டு. நேற்று மைதானமே சிரித்த பாட்டு.

அவர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் எழுந்து கை கழுவப் போனார்.

தட்டில் சோறு வைத்துக்கொண்டே ரத்தினபாய் சொன்னாள். "பக்கத்து வீட்டுப் பிள்ளைய எல்லாம் பாடுது. நான் கத்துறதை எல்லாம் பாட்டுல போட்டா ஊர் சிரிக்காதா எபி?"

"சிரிக்குதும்மா."

"அது சரி." அவளும் சிரித்தாள். "நேத்து அதுல ஒரு சின்னப் பிள்ளை பாடுதுன்னு நானும் கூடத் தட்டினேன். கடைசி வரைக்கும் தட்டிட்டேன்யா."

உலகநாதன் குனிந்து சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று அவள் கேட்டபோது தட்டை நீட்டினார். அவள் போட்டாள். அதையும் சாப்பிட்டார்.

இருவரும் அறைக்குத் திரும்பி வந்தார்கள். மேசைமேல் வயர் வைத்தபடியே சுருண்டு கிடந்தது. கீழே கடையில் யாரோ பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"மாஸ்டர், அந்தப் பெரிய பாட்டை நீங்க விட்டுட்டீங்களா?"

"தினமும் காலையில வாசிக்கேன்."

"தனியாவா?"

"தனியாத்தான். டிரம்ஸ் மட்டும் வர்ற இடத்துல நிறுத்திட்டு, பதிமூணு எண்ணிட்டு, பிறகு தொடங்குவேன்."

காலியாகக் கிடக்கிற அந்தப் பதிமூன்று எண்ணிக்கையும் உலகநாதன் காதுக்குள் கேட்டது. ஆனாலும் மனம் ஆறவில்லை. பதினோரு வருடத்து உழைப்பை ஒரே நாளில் கீழே வைத்துவிட யாருக்குத்தான் முடியும்?

"ஒண்ணு சொல்லட்டுமா மாஸ்டர்? நான் கம்பம் ஏறுறவன். இசைன்னா என்னன்னே தெரியாம வந்தவன். எனக்கே அது வந்துச்சு. பொறுமையாச் சொல்லிக் குடுத்தா அந்தம்மாவுக்கும் வராதா? அந்தத் தெருச் சனத்துக்கும் வராதா? பாட்டை எறக்குறதுக்குப் பதிலா, அவுகளை ஏத்திவிடலாமே?"

"ஏத்தலாம்ணே. கண்டிப்பா வரும்."

"பிறகு என்ன?"

மாஸ்டர் அவர் முகத்தைப் பார்த்தார்.

"அதுவரைக்கும் பெட்டியை மூடாம வச்சிருக்க முடியுமாண்ணே?"

உலகநாதன் மேசையிலிருந்து வயரை எடுத்தார். அதன் ஒரு முனையைத் தன் பேஸ் கிட்டாரில் சொருகினார். ஒலிபெருக்கிக்குப் போகவேண்டிய மறுமுனை அவர் கையிலேயே இருந்தது.