கல் நிற்கும்

"கல்லு நிக்குமா?" என்று கேட்டார் கஸ்பார்.

"நிக்கும்," என்றாள் தெக்கிளா.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப சரி. கையெழுத்து போட்டுருதேன்."

"போடுங்க மாமா."

அவர் போகவில்லை. வெயிலில் அப்படியே நின்றார்.

"போகலையா?"

"போறேன், போறேன்."

அப்போதும் போகவில்லை.

*

கஸ்பாருக்கு அறுபத்திரண்டு வயது. நெடுந்தேரி என்ற கடற்கரை ஊருக்குத் தலைவர்.

அந்த ஊரின் கல்லறைத் தோட்டத்தைக் கடல் தின்றுகொண்டிருந்தது. இருபத்தாறு கல்லறைகள் போய்விட்டன. அடுத்தது அவர் மனைவி செசிலியுடையது. அலைக்கும் அவள் சிலுவைக்கும் நடுவில் எட்டடி மணல்தான் மிச்சம்.

மூன்று வருடம் மறியல் செய்தார். உண்ணாவிரதம் இருந்தார். ஒரு தடவை மயங்கியும் விழுந்தார். கடைசியில் கடலுக்குள் கல் சுவர் போட உத்தரவு வாங்கிவிட்டார். நானூறு லாரி கல். முதல் லாரி நாளை மதியம் வருகிறது. சம்மதத் தாளில் தலைவர் கையெழுத்து இருந்தால் கொட்டுவார்கள்.

தெக்கிளாவுக்கு முப்பத்தொன்று. ஊர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாள். அதற்கு முன்னால் ஏழு வருடம் சிங்கப்பூரில் ஒரு சீனப் பெரியவரைப் பார்த்துக்கொண்டாள். அவர் எதையும் மறிக்காமல் அதன் போக்கில் விடச் சொல்லும் தாவோ வழியில் வாழ்ந்தவர். அந்த வழியிலேயே செத்தும் போனார். அவள் திரும்பி வந்தாள்.

ஊர் அவளுக்குச் சீனாக்காரி என்று பேர் வைத்தது. அப்புறம் அதே ஊர், ஒன்றும் புரியாதபோதெல்லாம் சீனாக்காரி வாசலில்தான் போய் நின்றது.

*

"நீ 'நிக்கும்'னு சொன்னதுல ஏதோ இருக்கு," என்றார் கஸ்பார்.

"செருப்பக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"கழட்டுங்க மாமா."

கழற்றினார். அவள் அவரை அலை வந்து திரும்பும் இடத்துக்குக் கூட்டிப்போனாள்.

"இங்கன நில்லுங்க. அசையக் கூடாது."

"சின்னப் பிள்ளைங்க விளையாட்டு."

"நில்லுங்களேன்."

நின்றார். அவருக்கு வடக்குப் பக்கம், தோளோடு தோள் ஒட்டி அவள் நின்றாள்.

அலை வந்தது. போனது. வந்தது. போனது. கஸ்பார் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். முப்பது வருடம் கடலில் வலை இழுத்த கால்கள். ஒரு அங்குலம் அசையவில்லை.

"பாத்தியா? அசைஞ்சேனா?"

"இல்ல. நல்லா நிக்கீங்க."

"பின்ன?"

"என்னப் பாருங்க."

பார்த்தார். அவர் காலில் மோதித் திரும்பிய தண்ணீர், அவள் காலடியில் இருந்த மணலை உருவிக்கொண்டு போயிருந்தது. அவள் கணுக்கால் ஆழக் குழிக்குள் நின்றாள்.

"கல்லு நிக்கும்னு சொன்னேன்லா," என்றாள்.

*

கஸ்பார் செருப்பை மாட்டினார். கோபம் வந்துவிட்டது. கால் மாற்றி மாட்டி, திரும்பக் கழற்றி மாட்டினார்.

"சிப்பிக்காட்டச் சொல்லுத."

சிப்பிக்காடு வடக்கே அடுத்த ஊர்.

"நான் ஒண்ணும் சொல்லல."

"நீரோட்டம் வடக்க போகுது. இங்கன கல்லு போட்டா அங்கன மணல் போகும். எனக்குத் தெரியாதாட்டி?"

"தெரிஞ்சுதான கேக்க வந்தீங்க."

அவர் வேட்டி நுனியைப் பிழிந்தார்.

"நம்ம மணல் எப்படிப் போச்சு மாமா?"

"தெக்க துறைமுகம் கட்டுன பய கடலுக்குள்ள கல்லு போட்டான். நமக்கு வார மணல மறிச்சுட்டான். பாவிப் பய."

"ஏன் போட்டான்?"

"அவனுக்குத் தேவை, போட்டான்."

"சரி."



"என்னப் பாவிங்கியா?"

"நான் எங்க சொன்னேன்? நீங்கதான் சொன்னீங்க."

*

கஸ்பார் கத்தினார்.

"துறைமுகம் மட்டுமாட்டி? உலகமே சூடாகுது. பனிமலை உருகுது, கடல் ஏறுது. எங்கயோ எவனோ கார் ஓட்டுதான். எவனோ ஏசி போட்டுத் தூங்குதான். இங்க எம் பொண்டாட்டி கல்லறை போகுது. இதுக்கு உன் தாவோ கீவோ என்ன சொல்லுது? சும்மா இருங்குதா? கையக் கட்டிக்கிட்டு உக்காருங்குதா?"

தெக்கிளா காலில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

"சோம்பேறித்தனத்துக்கு ஒரு சீனப் பேரு. அவ்வளவுதான்."

அவள் சிரித்துவிட்டாள். "இத அந்தச் சீனப் பெரியவருகிட்ட சொல்லியிருந்தா அவரும் சிரிச்சிருப்பாரு."

"அந்தக் கிழவன் சாகையிலயும் இப்படித்தான் சிரிச்சிக்கிட்டு நின்னியா?"

சொன்ன பிறகுதான் அது அதிகம் என்று அவருக்கே தெரிந்தது. ஆனால் சொல்லியாகிவிட்டது.

தெக்கிளா கோபப்படவில்லை. யோசித்துச் சொன்னாள்.

"அவரு மகன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்னான். குழாய் மாட்டணும்னான். அவரு ஜன்னலத் திறன்னாரு. திறந்தேன்."

"அவ்வளவுதானா?"

"அதுக்கப்புறம் ரெண்டு மாசம் பீ அள்ளினேன். புண்ணு தொடச்சேன். மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வச்சேன். எனக்கு இடுப்பே போச்சு. சும்மா இருக்கது லேசுன்னு நெனச்சீங்களா மாமா?"

கஸ்பார் மணலைப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கேன்," என்றாள் அவள். "சுவர் ஊருக்கா, அத்தைக்கா?"

"ஊருக்கு."

பொய். கடலை ஒட்டியிருந்த பதினான்கு குடும்பமும் போன வருடமே மேட்டுக்குக் குடிபோய்விட்டது. சட்டி பானையைத் தூக்கினார்கள், போனார்கள். யாரும் அழவில்லை. கரையில் மிச்சம் இருப்பது கல்லறைகள் மட்டும்தான்.

பிறகு அவரே சொன்னார்.

"உசுரோட உள்ளவன்லாம் நகந்துட்டான். செத்தவ எப்படிட்டி நகருவா?"

அதற்கு அவள் வேறொன்று சொன்னாள்.

"கையெழுத்து போடுங்க. வேண்டாங்கல. அதுக்கு முன்ன சிப்பிக்காட்டுக்கு ஒரு எட்டு போங்க. கடல ஒட்டி முத வீடு எதுன்னு பாருங்க. அந்த வீட்டு ஆளு பேரக் கேட்டு அந்தத் தாள்ல எழுதுங்க. அதுக்குக் கீழ உங்க கையெழுத்து."

"அவங்க பேரு எதுக்கு?"

"மணல் தாரவங்க பேரு வேண்டாமா?"

*

மறுநாள் காலை கஸ்பார் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வடக்கே நடந்தார். வழி முழுக்க மனசுக்குள் தெக்கிளாவை ஏசிக்கொண்டே போனார். பேர்தானே, கேட்டு எழுதிவிட்டால் போச்சு.

சிப்பிக்காட்டில் கடலை ஒட்டி முதல் வீடு. வாசலில் ஒரு பெண் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். காக்கையை விரட்ட ஒரு கையில் குச்சி.

"நீங்க நெடுந்தேரித் தலைவர்தான?" என்றாள்.

"ஆமாம்மா."

"கல்லு போடுதியளாமே."

கஸ்பார் அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். குச்சியால் அடித்தால்கூட நியாயம்தான்.

"போடுங்க, போடுங்க," என்றாள் அவள். "நாங்களும் மனு எழுதியாச்சு. எங்களுக்கும் சுவர் வரும். உள்ள வாங்க, மனுவுல நீங்க ஒரு கையெழுத்து போட்டுத் தாங்க. சண்ட போட்டு வாங்குன ஆளு, உங்க கையெழுத்து இருந்தா சீக்கிரம் கிடைக்கும்."

"உங்களுக்கும் சுவரா?"

"பின்ன? நீங்க போட்டா எங்க மணல் போகும்லா. நாங்க மட்டும் வாயப் பாத்துக்கிட்டா இருப்போம்?"

"நீங்க போட்டா உங்களுக்கு வடக்க?"

"வடக்க குருசடின்னு ஊரு, அந்த ஊருக்காரன் இருக்கான். அவன் பாத்துக்குவான்."

"என்னத்தப் பாப்பான்?"

"அவனும் கல்லு போடுவான்."

"அதுக்கு வடக்க?"

"அங்கயும் போடுவாங்க. கல்லுக்கா பஞ்சம்? மலையெல்லாம் அதான ஒடைக்கான்."

"அதுக்கும் வடக்க?"

அவள் காக்கையை விரட்டினாள். "அதுக்கும் வடக்க மெட்ராஸ் இருக்கு."

"மெட்ராஸுக்கு வடக்க?"

"எனக்கு எப்படிய்யா தெரியும்? கல்கத்தாவா இருக்கும். நீங்க கேள்வி கேக்க வந்தியளா, கையெழுத்து போட வந்தியளா?"

கஸ்பார் அவள் வாசல் மணலில் உட்கார்ந்துவிட்டார். அவளுக்குப் பயமாகிவிட்டது. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"மயக்கமா?"

"இல்லம்மா."

"பெறகு?"

தண்ணீரைக் குடித்தார். முழுச் செம்பையும் குடித்தார். "உன் பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

"ஜெசிந்தா. எதுக்கு?"

*

பத்து மணிக்குத் தெக்கிளா வீட்டுக்கு வந்தார்.

"பேரு கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எழுதினீங்களா?"

"ஒரு பேரு எழுதினேன்."

"கையெழுத்து?"

"இன்னும் எழுத வேண்டிய பேரு நிறைய இருக்கு. தாள்ல இடம் பத்தாது, பிள்ள."

அவள் நீச்சலுக்கு வந்த பிள்ளைகளைத் திருப்பி வீட்டுக்கு அனுப்பினாள். உள்ளே போய் ஒரு மண்வெட்டியும் பெரிய ஓலைப்பெட்டியும் எடுத்துவந்தாள்.

கஸ்பார் பெட்டியைப் பார்த்தார். அது எதற்கு என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"நேத்தே இதச் சொல்லியிருக்கலாம்லா?"

"நேத்து சொல்லியிருந்தா இந்த மண்வெட்டியாலயே என்ன அடிச்சிருப்பீங்க."

"அடிச்சிருப்பேன்," என்று ஒப்புக்கொண்டார்.

*

போன் அடித்தது. கல் காண்டிராக்டர்.

"தலைவரே, முத லாரி கெளம்பிட்டு. தாள் ரெடியா?"

"திருப்பிரு."

"என்னது?"

"லாரியத் திருப்பு."

"மூணு வருசமா எங்க உசுர வாங்கினீங்களே! இப்ப என்ன, கடலே கல்லு வேண்டாம்னு சொல்லிட்டா?"

"நான்தான் வேண்டாம்னு சொல்லுதேன்."

"ஊரு உங்களக் கிழிக்கும்."

"கிழிக்கட்டும். எனக்கு வேலை இருக்கு, வை."

*

பங்குச் சாமியார் செசிலி கல்லறைக்கு வந்து ஜெபம் சொன்னார். மண்வெட்டி பிடிக்கவில்லை.

கஸ்பாரும் தெக்கிளாவும் மாறி மாறி வெட்டினார்கள். ஈர மணல் சரிந்து சரிந்து விழுந்தது. நாலடி போனதும் கஸ்பார் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் தோண்டினார். அதன்பிறகு அவர் அவளைக் குழிக்குள் விடவில்லை.

எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்தார். துணியால் துடைத்தார். பெட்டியில் வைத்தார். செபமாலை கிடைத்தது. அதையும் வைத்தார்.

முடிந்தபோது பெட்டியில் இன்னும் இடம் இருந்தது.

"இவ்வளவுதானா இவ?" என்றார்.

"இவ்வளவுதான் மாமா."

"எழுபத்தெட்டு கிலோ இருந்தாட்டி. கட்டில்ல படுத்தா என்ன ஓரத்துக்குத் தள்ளிருவா. இதுக்கா நான் நானூறு லாரி கேட்டேன்?"

அழுதார். யாரும் தடுக்கவில்லை. அவர் கால் பக்கம் அலை வந்து, குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

கரைமேட்டில் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். திட்டத்தான் வந்தவர்கள். ஒருவன் மட்டும் இறங்கி வந்தான். கீழே கிடந்த மண்வெட்டியைப் பார்த்தான்.

"தலைவரே, வேலை முடிஞ்சா அத எங்கிட்ட தாங்க," என்றான். "எங்கப்பா அடுத்த வரிசைல கெடக்காரு."

"எடுத்துக்கோ."

கஸ்பார் பெட்டியை மூடித் தலையில் வைத்துக்கொண்டார். கனமே இல்லை. நிமிர்ந்து நடந்தார்.

சாமியார் கூடவே ஓடிவந்தார்.

"தலைவரே, மேட்டுல இடம் குடுத்துருவோம். அடியில காங்கிரீட், மேல கருங்கல். நூறு வருசத்துக்கு அம்மாவ யாரும் அசைக்க முடியாதபடி கட்டிருவோம்."

"காங்கிரீட்லாம் வேண்டாம் சாமி," என்றார் கஸ்பார். "அங்கயும் கடல் வந்தா, எனக்கு அப்புறம் வாரவன் தூக்கணும்லா."