மாப்பிள்ளைத் தவளைக்கு வைத்தியம்

ஓலைப்பாறைக்காரர்களை முட்டாள்கள் என்றால் அவர்களுக்குக் கோபம் வரும். அதனால் நடந்ததை மட்டும் கேளுங்கள்.

மழை பொய்த்துப்போனதால் ஊர் கூடி, தவளைக்குக் கல்யாணம் செய்வது என்று முடிவெடுத்தது. மாப்பிள்ளைத் தவளைக்குத் தகப்பன் ஸ்தானம் மாசிலாமணிக்கு. தாலி கட்டியதும் அவர் தலையில் கோயில் பரிவட்டம் ஏறும். பிறந்ததிலிருந்து அந்தத் தலையில் துண்டைத் தவிர எதுவும் ஏறியதில்லை. மாப்பிள்ளை செத்துவிட்டால் அந்த இடத்தைப் பிடிக்க, பங்காளி செல்லையா வேறொரு தவளையோடு தயாராக நின்றார். பரிவட்டம் அவருக்குப் போய்விடும்.

ஆகவே மாசிலாமணி தவளையை வெண்கலப் பானையில் வைத்து விழுந்து விழுந்து கவனித்தார். தினமும் மஞ்சளும் நல்லெண்ணெயும் பூசி நலங்கு. மூன்று வேளையும் வாயைப் பிளந்து கேசரி. முகூர்த்தத்துக்கு முதல் நாள் தவளை வயிறு உப்பி, தோல் காய்ந்து, கண்ணைத் திறக்கவே இல்லை.

"கல்யாணக் களை வந்துருச்சு" என்றார் பூசாரி சடையாண்டி.

மாசிலாமணி பானையோடு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"அது தோல் வழியாவும் மூச்சு விடுதுங்க. எண்ணெயைக் கழுவுங்க. தோல் ஈரமாவே இருக்கணும். அசையறதைத்தான் தின்னும். சத்தம் ஆகவே ஆகாது."

ஊர்ப் பெரியவர்கள் பானையைச் சுற்றி உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"தோல்ல மூச்சுன்னா மூக்கு எதுக்குங்கிறேன்?" என்றார் பூசாரி.

"அழகுக்கு. நமக்கு மீசை இல்லையா?" என்றார் மாசிலாமணி.

"அசையறதைத்தான் தின்னுமாம். கேசரி அசையாதேய்யா."

"நாமதான் அசைக்கணும்."

கேசரியை நூலில் கட்டி, ஆள் மாற்றி ஆள் பொழுது சாயும்வரை ஆட்டினார்கள். தவளை சீந்தவில்லை. மாப்பிள்ளைக்குக் கூச்சம் என்று முடிவானது.

தோலை ஈரமாக வைக்க, ஊரில் மிச்சமிருந்த குடிதண்ணீரை எல்லாம் அதன்மேல் ஊற்றினார்கள். பிள்ளைகள் தாகத்தில் அழுதன. சத்தம் ஆகாது என்பதால் பிள்ளைகளை அடுத்த ஊருக்கு அனுப்பிவைத்தார்கள்.

மறுநாள் பந்தலில் நாதஸ்வரக்காரர் ஊதாமல் கன்னத்தை மட்டும் உப்பிக்கொண்டிருந்தார். தவில்காரர் காற்றில் கை வீசினார். பூசாரி மந்திரத்தை மனசுக்குள் சொல்லித் தாலியை எடுத்த நேரம், வானம் கறுத்து மழை கொட்டியது. மழைத் தண்ணீர் பட்டதும் தவளை கண்ணைத் திறந்து, குஷியாகக் கத்தியது.

"மழைதான் வந்துருச்சே, இனிக் கல்யாணம் எதுக்கு?" என்று செல்லையா வேட்டியை மடித்துக் கட்டினார்.

மாசிலாமணிக்கு ஏறவேண்டிய பரிவட்டம் தாம்பாளத்தில் நனைந்துகொண்டிருந்தது. பெரியவர்கள் மறுபடி கூடிப் பேசினார்கள். பெய்கிற மழைக்குக் கல்யாணம் செய்வது முறையில்லை. முதலில் மழையை நிறுத்த வேண்டும். நின்றபிறகு, மழை வேண்டித் தாலி கட்டலாம். நியாயந்தானே என்று ஊரே ஒப்புக்கொண்டது.

மாசிலாமணி சேற்றில் மண்டியிட்டார். அவர் பின்னால் ஊரே மண்டியிட்டது.

"ஆத்தா, கொஞ்சம் நிறுத்து தாயி," என்று வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "நாங்க இன்னும் மழையே கேக்கலை."