செவலை நாய் களிமண் பூசிக்கொண்ட கதை

நாயும் ஆடும் மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், காத்தாயி என்றொருத்தி குன்றடியில் செம்மறி ஆடுகள் வளர்த்துவந்தாள். அவளுடைய பட்டிக்குக் காவல், செவலை என்ற நாய்.

ஒரு கோடையில் செவலைக்கு அரிப்பெடுத்தது. முதலில் காதோரம், பிறகு வயிறு, பிறகு உடம்பு முழுக்க. சொறியச் சொறிய முடி கொட்டியது. ஏன் என்று அதற்கு விளங்கவில்லை. எப்போதும் குடிக்கும் கூழைத்தான் குடித்தது, எப்போதும் படுக்கும் இடத்தில்தான் படுத்தது.

பூனையிடம் கேட்டது. "நக்கிப் பார்" என்றது பூனை. நக்கிய இடமெல்லாம் புண்ணானது. மரத்தில் உரசச் சொன்னது ஒரு கிடா. உரசியதில் புண் பெரிதானது. "நான்தான் தப்பாக உரசிவிட்டேனோ?" என்று செவலை கேட்டபோது, கிடா வேறொரு மரத்தைக் காட்டியது.

இதற்குள் இரண்டு ஆட்டுக்குட்டிகளும் சொறியத் தொடங்கிவிட்டன. காத்தாயி செவலையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"குட்டிகளுக்கும் ஒட்டிக்கிச்சு. இனிமே நீ பட்டிக்குள்ள வராதே."

"வெளியே சிறுத்தை நடமாடுதே, ஆத்தா. நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

"தப்பு ஒண்ணும் பண்ணலை. அதான் எனக்கும் புரியலை."

செவலை போன போக்கில் நடந்து, வற்றிக்கிடந்த கண்மாய்க்குள் இறங்கியது. நடுவில் மட்டும் களிமண் ஈரமாக இருந்தது. மூன்று சுற்றுச் சுற்றியது. முன்னங்காலால் மண்ணைப் பறித்தது. குளிர்ச்சி தெரிந்ததும் படுத்து, அப்படியும் இப்படியும் புரண்டு, அயர்ந்து தூங்கிவிட்டது.

வெயில் சாயும்போது விழித்தது. கால் மடங்கவில்லை. காய்ந்த மண் உடம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. கல்லாகிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துப் பயந்து, வராதே என்று சொன்னதையும் மறந்து, பட்டியை நோக்கித் தத்தித் தத்தி ஓடியது.

ஆடுகள் சிதறின. காத்தாயி கோலை ஓங்கினாள்.

"யாரது?"

"செவலைதான்னு நினைக்கிறேன்."

குரல் செவலையுடையது. நிறமும் வாசனையும் வேறு. அடிப்பதா, கோலை இறக்குவதா என்று தெரியாமல் அவள் சற்று நேரம் நின்றாள். பிறகு கோலைக் கீழே போட்டுவிட்டுக் கிட்டே வந்து, அதன் நெற்றியில் கை வைத்தாள்.

கை பட்டதும் செவலை சிலிர்த்து, தலையிலிருந்து வால்வரை ஓர் உதறு உதறியது. மண் பொருக்குகள் அவள் முகத்திலும் சேலையிலும் தெறித்தன. பொருக்குகளோடு செதிலும் உண்ணியும் உதிர்ந்து கிடந்தன. அடியில் தோல் சிவப்புத் தணிந்து தெரிந்தது. செவலை வெகுநேரம் அசையாமல் நின்றது.

"அரிக்கலை, ஆத்தா."

"என்னடா பண்ணினே?"

"சுத்தினேன். பறிச்சேன். படுத்தேன். புரண்டேன். இப்போ உதறினேன்."

"இதுல எது மருந்து?"

"தெரியலையே."

மண்தான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் உறுதியாகச் சொல்லத் துணிவு வரவில்லை. "எதையும் விட்டுறாதே. நாளைக்கும் எல்லாத்தையும் செய்" என்றாள்.

செவலை யோசித்தது. "உதறும்போது நீயும் பக்கத்துல நின்னியே. அதுவும் மருந்தா இருக்குமோ?"

காத்தாயி முகத்து மண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இருக்கலாம். எதுக்கும் கிட்டவே வந்து உதறு."

குட்டிகளுக்கு அவளே களிமண்ணைக் குழைத்துப் பூசிவிட்டாள். கொஞ்ச நாளில் குட்டிகளுக்கும் செவலைக்கும் புது முடி முளைத்தது. செவலை மறுபடி பட்டிக்குள் படுத்தது.

மனிதர்கள் தங்கள் நாய்களுக்குக் களிமண் குழைத்துப் பூசத் தொடங்கியது அன்றிலிருந்துதான். எது மருந்து என்பது மட்டும் நாய்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. அதனால்தான் அவை படுக்குமுன் சுற்றுகின்றன, தரையைப் பறிக்கின்றன, மண்ணில் புரள்கின்றன. எழுந்த பிறகு, எவ்வளவு இடம் கிடந்தாலும், நமக்குப் பக்கத்திலேயே வந்து நின்று உதறுகின்றன.