பவுன் கழுத்து மணி

நத்தம் பக்கம், மலையடிவாரத்தில் தவசிச் சாமியின் மடம் இருக்கிறது. பெரிய மடம் ஒன்றுமில்லை. ஓடு வேய்ந்த நாலு அறை, ஒரு பூசைக்கூடம், ஒரு சமையல்கட்டு, கிணறு, முன்னால் ஒரு புளியமரம். மடம் என்று சொல்வதே அதற்குக் கொஞ்சம் அதிகம்தான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. உச்சிவேளையில் மனிதர்களுக்கு இலை போடுவதற்கு முன்னால், புளியமரத்தடிக் கல்லில் ஓர் அகப்பை சோறு வைத்துவிட்டு வெண்கலக் கைமணியை அடிப்பார்கள். அணில், மைனா, தவிட்டுக்குருவி எல்லாம் இறங்கி வரும். அவை வாய் வைத்த பிறகுதான் உள்ளே பந்தி.

சாமி வந்த புதிதில் அவை கிளையில் உட்கார்ந்துகொண்டு ஆள் போகட்டும் என்று காத்திருந்தனவாம். இருபது வருஷத்தில் எல்லாம் மாறிப்போயிற்று. மணிச்சத்தம் கேட்டால் போதும், நிற்பவர்களின் கால்களுக்கு நடுவே ஓடி வரும். வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். சாமிக்கு அதில் ஒரு பெருமை. பெருமை கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மனிதர், வாசல் சுவரில் தன் கையாலேயே நீலப் பெயின்ட்டில் எழுதி வைத்திருந்தார்: ‘இங்கே எந்த உயிருக்கும் பயமில்லை.’

மணி அடிப்பது வீராயியின் வேலை.

வீராயிக்கும் சாமிக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கறிக்கோழிக் கடை வைத்திருந்தவள். புருஷன் எடை போடுவான், இவள் அறுப்பாள். புருஷன் செத்து ஒரு மாசம் கழித்து ஒருநாள் கத்தியை எடுக்கப் போனாள். கை எழவில்லை. கடையைப் பூட்டிவிட்டு நேரே மடத்துக்கு வந்து, இரண்டு கையையும் சாமி முன்னால் நீட்டினாள்.

“இந்தக் கைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்யட்டும், சாமி?”

சாமி உபதேசம் எதுவும் செய்யவில்லை. கைமணியை எடுத்து அந்தக் கையில் கொடுத்தார். அதற்கப்புறம் பதினோரு வருஷமாக அந்தக் கை ஓர் எறும்பைக்கூட நசுக்கியதில்லை.

பவுன் வந்தது ஓர் ஐப்பசி மழையில். கிணற்றடியில் கத்திக்கொண்டு கிடந்த செம்பட்டைப் பூனைக்குட்டியை வீராயி முந்தானையில் துடைத்து உள்ளே கொண்டுவந்தாள். பால்சோறும் பருப்புச்சோறும் தின்று வளர்ந்தது. மடத்துப் பூனை என்பதால் அது சைவம் என்றே எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். பூனைக்கு அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

ஒரு வயசு ஆனதும் அது முதல் அணிலைக் கொண்டுவந்தது. வெளியே வைத்துத் தின்றுவிட்டுப் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நேராக வீராயியின் பாய்க்குக் கொண்டுவந்து, அவள் கைப்பக்கத்தில் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது. அணிலுக்கு இன்னும் உயிர் இருந்தது.

அதற்குப் பிறகு அடிக்கடி கொண்டுவந்தது. மைனாக்குஞ்சு, ஓணான், மறுபடி அணில். சில நாள் பாயில், சில நாள் பூசைக்கூடத்தில் விளக்கின் முன்னால். வீராயி ஒவ்வொன்றையும் துணியில் எடுத்துப் போய்க் கொல்லையில் புதைத்தாள். பதினோரு வருஷமாக விட்டிருந்த வாடை மறுபடியும் தன் கையில் ஏறிவிட்டது என்று சொல்லிச் சொல்லிக் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள்.

சமையல் பார்க்கும் இருளாண்டிக்குப் பொறுக்கவில்லை. பூனையைச் சாக்கில் கட்டி, மாங்காய் ஏற்ற வந்த லாரியில் போட்டு அனுப்பினார். ஒன்பதாம் நாள் காலில் முள்ளோடு நொண்டிக்கொண்டு திரும்பி வந்தது. வந்த சோர்விலும் வாயில் ஒரு தவிட்டுக்குருவி. வீராயிக்குத்தான்.

அவள் சாமியிடம் போய் முறையிட்டாள். அது பூனை என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் விபூதி மடிக்கப் போய்விட்டார்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. பூசைப் பெட்டியில் இன்னொரு மணி சும்மா கிடந்தது. கைமணியை வார்த்த பட்டறையிலேயே மிச்ச வெண்கலத்தில் வார்த்த பொடிமணி. அதே குரல், கொஞ்சம் சன்னம். அதை மஞ்சள் கயிற்றில் கோத்துப் பவுனின் கழுத்தில் கட்டிவிட்டாள். பூனை வருகிறது என்று சத்தம் சொல்லும், சின்ன உயிர்கள் ஓடித் தப்பிக்கும். இருளாண்டிகூட, பரவாயில்லையே, கிழவிக்கு மூளை இருக்கிறது என்றார்.

இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஓர் அணில். பத்து மணிக்கு இன்னொன்று. மத்தியானத்துக்குள் மூன்றாவது. மணி ஆட ஆடப் பவுன் கூடத்துக்குள் நுழைந்து மூன்றையும் அவள் பாயில் வரிசையாக வைத்தது.

வீராயிக்குப் புரியவில்லை. மறுநாள் காலை புளியமரத்துக்கு எதிரே செம்பருத்தி மறைவில் உட்கார்ந்து பார்த்தாள்.

பவுன் நிழலில் படுத்திருந்தது. பதுங்கவில்லை, மூச்சை அடக்கவில்லை. பின்னங்காலால் கழுத்தைச் சொறிந்தது. மணி அடித்தது. உடனே கிளையிலிருந்து இரண்டு அணில்கள் வாலைத் தூக்கிக்கொண்டு இறங்கின. ஒன்று பூனையின் முகத்துக்கு முன்னாலேயே வந்து, சோற்றுக்காக இரண்டு கையையும் கூட்டிக்கொண்டு நின்றது. பவுன் எழுந்திருக்கக்கூட இல்லை.

வீராயி அன்று உச்சிக்கு மணி அடிக்கவில்லை. பொடிமணியை அறுத்து எடுத்துக்கொண்டு சாமியின் அறைக்குப் போனாள். பந்திக்குக் கிளம்பிய சாமியை மறித்து நின்றாள்.

“அதுக ஓடலை, சாமி.”

“எது ஓடலை?”

“அணிலு. மணியக் கேட்டு ஓடிப்போகும்னு கட்டுனேன். மணியக் கேட்டு ஓடி வருது. பவுனு வாய்க்கே வருது.”

சாமி அந்தப் பொடிமணியை வாங்கி ஒருதரம் ஆட்டிப் பார்த்தார். வாசலில் புளியமரம் சலசலத்தது. அவர் மணியின் நாக்கைச் சட்டென்று விரலால் பிடித்துக்கொண்டார்.

“கடையில கூண்டுக்குள்ள கைய விட்டா கோழி மூலைக்கு ஒதுங்கும், சாமி,” என்றாள் வீராயி. “ஒதுங்க எடமிருக்காது. ஆனாலும் ஒதுங்கும். அதுக்குக்கூடத் தெரிஞ்சிருந்துச்சு.”

சாமி பந்திக்குப் போகவில்லை. அன்று அவர் சாப்பிடவே இல்லை. இருளாண்டி இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு இலையை எடுத்துவிட்டார்.

கல்லில் சோறு வைப்பதையும் மணி அடிப்பதையும் நிறுத்தினார்கள். நாலு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் தார்ரோட்டில் சோன்பப்டி வண்டிக்காரன் மணியை ஆட்டிக்கொண்டு போனான். மடத்து அணில்கள் சுவரைத் தாண்டி அவன் பின்னாலேயே ஓடின. எதிரே வந்த ஷேர் ஆட்டோ ஓர் அணிலின் மேல் ஏறிப் போனது. வீராயி துணியோடு ரோட்டுக்குப் போனாள். துணி தேவைப்படவில்லை, அட்டையால் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது.

“நான்தான் பவுனு கழுத்து மணியக் கழட்டிட்டேனே, சாமி.”

“கழுத்துலருந்து கழட்டிட்ட. அதுக காதுலருந்து?”

“பவுன எங்கயாச்சும் தூரமாக் கொண்டுபோயி விட்டுருவோம். எனக்கு மனசு ஆறாது. இருந்தாலும் விட்டுருவோம்.”

சாமி சுவருக்கு அப்பால் கையைக் காட்டினார். புதுசாக வந்த பிளாட்டுகளில் ஆறு வீடு எழும்பியிருந்தது. ஆறு வீட்டிலும் பூனை இருந்தது. இரண்டு வீட்டில் நாயும் இருந்தது.

“பயத்த எடுத்தது நாம,” என்றார்.

மறுநாள் காலை அவர் சுண்ணாம்பு கரைத்து வாசல் சுவருக்குப் போனார். நீல எழுத்தின்மேல் அடித்தார். காய்ந்ததும் எழுத்து மறுபடி தெரிந்தது. திரும்ப அடித்தார். மூன்றாவது பூச்சில்தான் மறைந்தது. பிறகு ஓடைக்குப் போய்த் துண்டு நிறையக் கூழாங்கல் பொறுக்கி வந்தார்.

உச்சிவேளைக்குப் புளியமரத்தடியில் நின்று கைமணியை அவரே அடித்தார். நாலைந்து நாள் பட்டினிக்குப் பிறகு கேட்ட மணி. கிளை கிளையாக இறங்கி வந்தன. சாமி ஒரு கல்லை எடுத்து எறிந்தார்.

அவை ஓடவில்லை. விழுந்த கல்லை நோக்கி ஓடின. ஓர் அணில் அதைக் கையில் தூக்கி, நிலக்கடலையைத் திருப்புவது மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

வீராயி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சாமி அடுத்த கல்லை எறிந்தார். அதற்கடுத்தது ஒன்றின் முதுகில் பட்டது. அது கிறீச்சென்று கத்தியது. அந்தக் குரல் இருபது வருஷமாக அந்த மரத்தில் கேட்டதில்லை. மற்றவை ஏறிப் போயின. சாமி அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

தினமும் இதுவே நடந்தது. மணி அடிப்பார், வருவதைக் கல்லெறிந்து விரட்டுவார். சாமிக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று ஊரில் பேசினார்கள். மாசாமாசம் வருகிற மதுரைக்காரர்கள் வாசலிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இருளாண்டி முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்று அணில்கள் கல் பட்டே செத்தன. அவற்றைப் புதைக்கிற வேலையைச் சாமி யாரிடமும் கொடுக்கவில்லை. பவுனுக்கு இது எதுவும் பொருட்டில்லை, கிடைத்ததை வழக்கம்போல் பாய்க்குக் கொண்டுவந்து கொடுத்தது.

பன்னிரண்டாம் நாள் சாமி மணியை அடித்ததும் மரம் அடங்கிப்போனது. ஒரு குருவிகூட இறங்கவில்லை. கிளைகளில் எல்லாம் உறைந்து உட்கார்ந்திருந்தன. மரத்தைப் பார்த்த வீராயிக்கு, பழைய கடையின் கூண்டு நினைவுக்கு வந்தது.

மொட்டைவால் அணில் மட்டும் இறங்கி வந்தது.

அது குட்டியாக இருந்தபோது காக்கை வாலைப் பறித்துவிட்டது. வீராயிதான் பஞ்சில் பால் தொட்டு வளர்த்தாள். சாமியைக் கண்டால் இப்போது அதுவும் ஓடும். ஆனால் வீராயி பக்கத்தில் நின்றால் வந்துவிடும். இன்றைக்கும் சாமியைச் சுற்றிக்கொண்டு அவள் காலடிக்கே வந்து நின்றது.

மதில்மேல் பவுன் படுத்திருந்தது. வால்நுனி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

சாமி துண்டிலிருந்து ஒரு கல்லை எடுத்து வீராயியின் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் அதைப் பார்த்தாள். “என்னால முடியாது, சாமி.”

“அதுக்கு எம்மேல பயம் வந்துருச்சு. ஒம்மேல வரல.”

“என்னைய மட்டும் நம்பிட்டுப் போகட்டுமே.”

“நீ மணியில இருக்கே, வீராயி. அதுக்கு எந்த மணி அடிச்சாலும் நீதான்.”

அவள் கல்லைக் கீழே போடவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

“இந்தக் கையில நீங்கதான மணியக் குடுத்தீங்க.”

“ஆமா. நான்தான் குடுத்தேன்.”

“மேல பட்டுருச்சுன்னா?”

“படணும். பட்டாத்தான் நம்பும்.”

மொட்டைவால் அவள் கை மூடியிருப்பதைப் பார்த்தது. அதில் சோறு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு கையையும் கூட்டி நிமிர்ந்து நின்றது. மதிலில் பவுன் எழுந்து உட்கார்ந்தது.

“இது பாவம் இல்லையா, சாமி?”

“பாவம்தான்,” என்றார் சாமி. “எறி.”