புகை மூட்டை

பண்ணையார் வேதாசலத்தின் தோட்டத்தில் வருஷா வருஷம் எரிந்த தீயை ஒரேயடியாக அணைத்தவள் எங்க ஊர் சலவைக்காரி தைலம்மை. நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்வோம்.

கரும்பு வெட்டியதும் பண்ணையார் வயலில் கிடக்கும் காய்ந்த சோகை இலைகளைக் கொளுத்துவார், ஊரே இருமும். பஞ்சாயத்தில் முறையிட்டோம்.

"எல்லாம் கொஞ்சூண்டு புகைதான். எவ்வளவுன்னு மூட்டை கட்டிக் கொண்டாங்க, நிறுத்திடறேன்" என்று சிரித்தார்.

"சரிங்க ஐயா" என்றாள் தைலம்மை.

மறுபடி சோகை எரிந்த அன்று, அவருடைய வெள்ளை வேட்டிகளைத் துவைத்து, வழக்கம்போல் தெருக்கொடியில் உலர்த்தினாள். மறுநாள் பஞ்சாயத்தில் மூட்டையை அவிழ்த்தாள். அத்தனை வேட்டியிலும் அப்பியிருந்தது கரி.

"என் வேட்டியாடி இது?"

"வேட்டியும் உங்களுது, புகையும் உங்களுது. ஒரு நாள் புகை இவ்வளவுங்க ஐயா."

"மரியாதையா திரும்பத் துவை!"

"வேட்டியைத் துவைச்சுடலாம். எங்க பிள்ளைங்க நெஞ்சை எந்த ஆத்துல கொண்டுபோய்த் துவைக்கிறது?"