கடைசி முறை கிடைத்த முயல்

சுனைக்கரை மருத மரத்தடியில் முயலும் மைனாவும் உடும்பும் முள்ளம்பன்றியும் நாள்தோறும் கூடி, ஒரு பூதத்தோடு சண்டை போட்டு வந்தன. நிஜப் பூதம் இல்லை, பயப்பட வேண்டாம். ஈட்டியண்ணன் என்ற முள்ளம்பன்றி கதை சொல்லும். மற்ற மூன்றும் அந்தக் கதைக்குள் வீரர்களாக நுழையும். கத்தியை வீசினேன், கோட்டைச் சுவரில் ஏறினேன் என்று வாயாலேயே போர் நடக்கும்.

வாய்ச் சண்டைதான் என்றாலும் சட்டம் கறாரானது. போருக்கு முன்னால் எல்லோரும் புளியங்கொட்டை போட வேண்டும். ஒரு பக்கம் உரசி வெள்ளையாக்கிய கொட்டைகள் அவை. யாருக்கு அதிக வெள்ளை விழுகிறதோ அவருக்கு முதல் முறை. குறையக் குறைய அடுத்தடுத்த முறை. பூதத்துக்காக ஈட்டியண்ணனே கொட்டை போடும். தன் முறை வரும்வரை எவரும் ஆடக்கூடாது, அசையக்கூடாது. கொட்டை போடாதவருக்குச் சண்டையில் இடமே கிடையாது.

அன்றைக்குத் துடியன் என்ற முயல் போட்ட கொட்டைகள் அத்தனையும் கறுப்பாக விழுந்தன.

"முதல்ல கீச்சி! ரெண்டாவது பேச்சியக்கா! மூணாவது பூதம்! கடைசியில துடியன்!" என்று அறிவித்தது ஈட்டியண்ணன்.

துடியனுக்குச் சுருக்கென்றது. "என்னண்ணே அநியாயம் இது! பூதத்துக்கும் பின்னாலயா நான்?"

"கொட்டை விழுந்தது விழுந்ததுதான் தம்பி!"

"இந்தக் காட்டுலயே வேகமா ஓடுறவன் நான்! பேச்சியக்கா கண்ணைத் திறக்குறதுக்குள்ள நான் பூதத்தை அடிச்சுப் போட்டுட்டு வந்துருவேன்!"

பாறையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த உடும்பு பேச்சியக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்தது. "தாராளமா அடி ராசா. உன் முறை வந்ததும் அடி."

மைனா கீச்சி களுக்கென்று சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்புதான் வினை.

"எல்லாரும் அடிச்சு முடிச்ச பூதத்தை நான் என்ன கும்பிடவா? எனக்கு உங்க ஆட்டமே வேண்டாம்!" என்று துடியன் எழுந்து நடந்தது. தன்னை யாரும் ஒரு ஆளாகவே மதிப்பதில்லை என்று அதற்கு உள்ளுக்குள் வெகுநாள் குமைச்சல். கண் கலங்கியது மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது என்று காரைப் புதர்ப் பக்கம் போனது. போன இடம்தான் சரியில்லை. புதருக்குப் பின்னால் ஒரு நரி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஒரே பாய்ச்சல்! துடியன் நரியின் காலடியில் கிடந்தது. உதறிப் பார்த்தது. உதற உதற நகம் முதுகில் ஆழமாக இறங்கியது.

"ஐயோ, துடியன்!" என்று மூன்றும் ஒரே நேரத்தில் ஓடிவந்தன. அவசரத்தில் கீச்சியின் சிறகு பேச்சியக்காவின் கண்ணில் அடித்தது. பேச்சியக்காவின் வால் ஈட்டியண்ணனின் காலை வாரிவிட்டது. மூன்றும் மண்ணில் உருண்டன.

நரி விழுந்து விழுந்து சிரித்தது. "நல்ல கூட்டாளிங்கடா உனக்கு! அவங்க ஒருத்தரை ஒருத்தர் அடிச்சு முடிக்கட்டும், நான் அதுக்குள்ள சாப்பிட்டுக்கிறேன்!"

கீழே கிடந்தபடியே ஈட்டியண்ணன் அலறியது: "முறை!"

பழக்கதோஷம்! மூன்றும் அப்படியே உறைந்தன. நரியின் காலடியில் கிடந்த துடியனும் உதறுவதை நிறுத்திவிட்டது.

"என்னடா முறை? முதல் முறை எனக்குத்தான்!" என்றது நரி.

"உனக்கு ஏது முறை? நீ கொட்டையே போடலையே!" என்றது ஈட்டியண்ணன்.

நரி ஒன்றும் புரியாமல் விழித்தது. அதற்குள், "கீச்சி, நீ!" என்று ஈட்டியண்ணன் கத்தியது.

கீச்சி பறந்து போய் நரியின் காதைக் கொத்தியது. கண்ணோரம் கொத்தியது. நரியின் பல் அதன் வால் இறகைப் பிடுங்கியது. அப்போதும் அந்தப் பொடிசு விலகவில்லை. பேச்சியக்கா ஊர்ந்து வந்து சேர நேரம் வேண்டுமே!

துடியன் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. எத்தனையோ நாள் ஆடியிருக்கிறது. தன் முறை எப்போது வரும் என்ற நினைப்பிலேயே இருந்ததால், முன்னால் ஆடுபவர்களை அது ஒருநாளும் கவனித்ததில்லை. இன்றைக்குத்தான் கவனித்தது.

"பேச்சியக்கா!"

பேச்சியக்கா நரியின் பின்னங்காலைக் கவ்வியது. உடும்புப் பிடி சும்மாவா? நரி துடித்தது, காலை உதறியது, பேச்சியக்காவைப் பாறையில் அடித்தது. பிடி விடவில்லை. பின்னால் இருப்பதைக் கடிக்க நரி வெடுக்கென்று தலையைத் திருப்பியது.

"மூணாவது பூதம்! அந்தப் பூதம் நான்தாண்டா!" என்று ஈட்டியண்ணன் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு பின்பக்கமாகப் பாய்ந்தது. நரியின் மூக்கெல்லாம் முள்! ஊளையிட்டபடி அது துடியனை அழுத்தியிருந்த முன்னங்காலைத் தூக்கியது.

"துடியா! இப்ப நீ!"

துடியனின் வளை நேர் எதிரே இருந்தது. ஓடியிருந்தால் பிழைத்திருக்கும். ஆனால் பேச்சியக்கா இன்னும் நரியின் காலில் தொங்கிக்கொண்டிருந்தது. துடியன் நரியின் முகத்துக்கு நேரே முதுகைக் காட்டி நின்று, பின்னங்கால்களால் மண்ணை வாரி வாரி அடித்தது. காட்டிலேயே வேகமான கால்கள் அல்லவா! கண் நிறைய மண்ணோடு நரி தட்டுத்தடுமாறி, பேச்சியக்காவையும் உதறிவிட்டு, விழுந்தடித்துக்கொண்டு ஓடியே போனது.

துடியன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டது. முதுகில் ரத்தம், கண்ணில் நீர்.

"எனக்கு முன்னால ஆடுறவங்க எல்லாம் என் இடத்தைப் பிடுங்கிக்கிட்டவங்கன்னு நினைச்சேன். மூணு பேரும் எனக்காகவே ஆடியிருக்கீங்க. கீச்சி, உன் இறகு போச்சே! அக்கா, அடிபட்டும் விடலையே! அண்ணே, உங்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்லுவேன்!" என்று தேம்பியது.

"போடா, பெரிய நன்றி!" என்று ஈட்டியண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"நன்றி சொல்லணும்னா முதல்ல என் பல்லுல சிக்கியிருக்கிற நரி முடியை எடு ராசா. அப்புறம் நிம்மதியா அழு!" என்றது பேச்சியக்கா.

துடியன் அழுதுகொண்டே சிரித்தது. அழுதுகொண்டே ஒவ்வொரு முடியாக எடுத்தது.

நமக்கு முன்னால் நிற்பவர்கள் நம்மைப் பின்னுக்குத் தள்ளியவர்கள் என்று பொருமாமல், நமக்கு வழி திறந்தவர்கள் என்று அறிந்து நன்றியோடு இருக்க வேண்டும்.